கட்டிலின் காலிப் பக்கம்

தாழ் போட்டுவிட்டேன். குளியலறைக்கு இருப்பதே ஒரு தாழ்தான், அதிலும் ஒரு திருகாணி ஆடுகிறது. ‘நாளைக்கு முடுக்கறேன்’ என்று இரண்டு மாதமாக அப்பா சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். ஈரத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். போன் என் அறையில் சார்ஜில் கிடக்கிறது. மடியில் அந்தப் பெட்டி. அதன் சின்ன விளக்கு ஆரஞ்சாக விட்டுவிட்டு எரிகிறது. ஆரஞ்சாக இருக்கும்வரை பயமில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், நேரம் இருக்கும்போதே.

அப்பாவின் இதயம் திடீர் திடீரென்று நின்றுவிடும். நான்கு நொடி, சில சமயம் ஐந்து. பிறகு, கண்ணயர்ந்த காவல்காரன் திடுக்கிட்டு எழுவதுபோல மறுபடி ஓடும். விடிந்தால் அவருக்கு ஆபரேஷன். நெஞ்சுத் தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு பேஸ்மேக்கர் வைக்கப்போகிறார்கள். அப்பா வெல்டர். “ஊருக்கெல்லாம் நான் பத்த வச்சேன், இப்ப எனக்கே பத்த வைக்கிறாங்க” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். “உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?” என்று அம்மா அதட்டுவாள்.

அதட்டுவாளே தவிர, நேற்று வரைக்கும் பதினோரு நாளாக அம்மா சரியாகத் தூங்கவில்லை. அப்பாவின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தபடிதான் படுப்பாள். துடிப்பு நின்றால் இரண்டு தட்டு தட்டி, “என்னங்க” என்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் என் கட்டில். தட், தட், என்னங்க. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் தூங்கினேன். அந்தச் சத்தம் இருந்தால் அப்பா இருக்கிறார் என்று அர்த்தம்.

பெட்டியை ஆஸ்பத்திரி டெக்னீஷியன் மூன்று நாள் முன்னால் கொண்டுவந்து தந்தார். பேஸ்மேக்கர் வைத்த பிறகு இது கட்டில் பக்கத்திலேயே இருக்க வேண்டுமாம். இரவு இரண்டு மணிக்கு உள்ளே இருக்கிற கருவியைத் தேடிப் படித்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்.

“ரெண்டு கை தூரத்துக்குள்ள கருவி இருந்தா பச்சை எரியும். இல்லேன்னா ஆரஞ்சு,” என்றார். “சிக்னல் கிடைக்குதான்னு பார்க்கணும், இப்பவே சொருகி வைங்க. ஆபரேஷன் முடியறவரைக்கும் அது பாட்டுக்குத் தேடிக்கிட்டுக் கிடக்கும்.”

“தேடட்டும், என்னைத் தேட ஒரு ஆளாவது இருக்கே,” என்றார் அப்பா.

நேற்று இரவு அப்பாவால் படுக்க முடியவில்லை. படுத்தால் தலை சுற்றுகிறது என்று ஹாலில் இருக்கிற சாய்வு நாற்காலிக்குப் போய்விட்டார். அம்மாவும் அங்கே போய் உட்காருவாள் என்று நினைத்தேன். போகவில்லை. படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் மின்விசிறியின் கிறீச்சும் எங்கோ சொட்டுகிற குழாயும் மட்டும் கேட்டன, அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வழக்கமான இடத்திலிருந்து, வழக்கமான சத்தம்.

தட், தட், என்னங்க.

அப்பா உள்ளே திரும்பிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனேன். அப்பா நாற்காலியில்தான் இருந்தார். வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளே தட்டுவது நிற்கவில்லை. தட், தட், என்னங்க. தட், தட், என்னங்க. நூறு முறையாவது இருக்கும். இரண்டு மணிக்குச் சட்டென்று நின்றது. பிறகு அம்மாவின் குறட்டை. பதினோரு நாளில் முதல் முறையாக.

காலையில் டெக்னீஷியன் போன் செய்தார். எடுத்தது நான்.

“ரிப்போர்ட் வந்திருக்கும்மா. நிமிஷத்துக்கு எழுபது, ஒண்ணுகூடத் தவறலை. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா?”

“நாளைக்குத்தான் அண்ணா ஆபரேஷன்.”

“அப்ப இது யாரோட...” என்று ஆரம்பித்தார். அதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். “ஏதோ நம்பர் மாறியிருக்கும் தம்பி,” என்று சொல்லி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “யார்கிட்டயும் சொல்லாத. சொன்னா தேதியைத் தள்ளி வச்சிடுவாங்க. அப்பா தாங்க மாட்டார்.”

நம்பினேன். சாயங்காலம் அவள் ஆஸ்பத்திரிப் பையைப் பிரித்து, அப்பாவின் சட்டைகளை ஒவ்வொன்றாக மறுபடி அலமாரியில் அடுக்குவதைப் பார்க்கும்வரை நம்பினேன். சட்டைகளை நீவி நீவி வைத்தாள். ஏதோ பாட்டு வேறு முணுமுணுத்தாள்.

இன்றைக்கும் அப்பா ஹால் நாற்காலியில்தான். அதனால்தான் இரண்டு மணிக்கு அம்மா தூங்கும் அறைக்குள் போனேன். ஓசைப்படாமல். பெட்டியின் விளக்கில் அறை பச்சையாக இருந்தது. வெல்டிங் அடித்த இரும்பு ஆறும்போது வருமே, அந்தக் கருகல் வாடை. அம்மா தன் பக்கத்தில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பாவின் பக்கம் காலி. அந்தக் காலி இடத்தின் மேல் அவள் கை நீண்டிருந்தது. மெத்தையைத் தொடவில்லை. மெத்தைக்கு ஒரு சாண் மேலே, எதன் மேலோ வைத்ததுபோல், விரித்த உள்ளங்கை.

அது மெதுவாக உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.

பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடினேன். பிளக்கை உருவிய பிறகும் பாட்டரியில் எரிந்த விளக்கு ஆரஞ்சுக்கு மாறியது. அப்பாவின் மடி வரைக்கும் கொண்டுபோனேன். ஆரஞ்சுதான். “அப்பா, எழுந்திருங்கப்பா, போயிடலாம்.” அவர் கண்ணைப் பாதி திறந்தார். “என்ன குட்டி, விடிஞ்சிடுச்சா?” கை ஜில்லென்று இருந்தது. தூக்கப் பார்த்தேன். முடியவில்லை.

அப்போது படுக்கையறைக் கட்டில் முனகியது. ஒருவர் இறங்கினால் ஒரு முறை முனகும்.

இரண்டு முறை முனகியது.

நான் ஓடிவந்துவிட்டேன். அப்பாவை விட்டுவிட்டு.

இதோ. நடை. செருப்பில்லாத கால்கள். கதவுக்கு வெளியே நிற்கின்றன.

விளக்கு பச்சை.

“குட்டி, கதவைத் திறம்மா.”

அப்பாவின் குரல். அப்படியே அப்பாவின் குரல். ஆனால் மூச்சு வாங்கவில்லை.

“திற கண்ணு,” அம்மா சொல்கிறாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா? “அப்பாவுக்குச் சரியாயிடுச்சுடா. ஒரு துடிப்புகூடத் தவறலை. நான் தூங்கலாம் இனிமே.”

தூரத்தில், ஹாலில், ஒரு இருமல். பலவீனமாக. அப்புறம் ஒன்றுமில்லை.

எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

தாழின் திருகாணி தானாகச் சுற்றுகிறது.

ஆறு. ஏழு.

அம்மா இங்கே நிற்கிறாள். நான் இங்கே இருக்கிறேன். நாற்காலியில் இருக்கிறவர் நெஞ்சில் இப்போது யார் கை வைத்திருக்கிறார்கள்?