மாங்காய் மூட்டையோடு வந்த சொற்கள்

அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஹைதராபாத் மல்காஜ்கிரி ரயில்வே குடியிருப்பில் சூசைராஜ் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர் சூசைராஜ், அவர் மனைவி ஆரோக்கியமேரி, அவர்கள் மகன் எட்வின், சூசைராஜின் தங்கை மகள் அமலி, கையில் நோட்டுப் புத்தகத்துடன் வந்திருந்த ஜெயச்சந்திரன். பக்கத்து வீட்டு நஸ்ரின் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். வெளியே நிற்பவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அது இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு, மே மாதம். மறுநாள் காலை ரயில்வே இன்ஸ்டிடியூட் ஹாலில் ரைம் போட்டி. ஒருவர் ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொல்ல வேண்டும். அதே ஓசையில் முடிகிற இன்னொரு சொல்லை அடுத்தவர் சொல்ல வேண்டும். சொல் கிடைக்காமல் விழிப்பவர் உட்கார்ந்துவிட வேண்டும். வீட்டுக்கு ஒரு பிள்ளை. வென்ற வீட்டின் பெயரைக் கேடயத்தில் பொறிப்பார்கள்.

அந்தக் கேடயம் மூன்று வருடமாகச் சூசைராஜ் வீட்டு டிவி மேல்தான் நிற்கிறது. எட்வின் வென்றது. இந்த வருடம் எட்வினுக்குப் பொன்னுக்கு வீங்கி. இரண்டு கன்னமும் உப்பி, தாடையைச் சுற்றித் துண்டு கட்டி, பூசணிக்காய்க்குப் பரிவட்டம் கட்டியதுபோல் உட்கார்ந்திருந்தான்.

"சூசை அண்ணே, நான் என்ன பண்ணட்டும்? பிள்ளை வரலேன்னா பேரை அடிச்சுதான் ஆகணும்" என்றார் ஜெயச்சந்திரன். போட்டியை நடத்துகிறவர் அவர்தான். பேனா மூடியையும் கழற்றிவிட்டார்.

"அடிக்கிறதா?" சூசைராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பேரு குடுத்துட்டு வராத வீடுன்னு எங்க வீட்டை இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை, ஜெயா. தோத்துட்டு வந்தா தலை நிமிர்ந்து வரலாம். போகாம இருந்தா எப்படி நிமிர்றது?"

எட்வின் எழுந்து நின்றான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். "ஆ..." என்று மட்டும் வந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. வலியால் வந்த தண்ணீர் அல்ல அது. அமலிக்கு அது தெரிந்தது.

"மாமா, நான் போறேன்" என்றாள் அமலி.

எல்லோரும் திரும்பினார்கள். அமலிக்கு வயது பத்து. அவளுடைய அப்பாவுக்கு மல்லாபூரில் தொழிற்சாலை வேலை கிடைத்திருந்தது. அப்பாவும் அம்மாவும் வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். அதனால் திண்டுக்கல்லிலிருந்து வந்து பத்து நாளாக மாமா வீட்டில் இருந்தாள். பொன்னுக்கு வீங்கி அவளுக்குப் போன வருடமே வந்து போய்விட்டது.

"உனக்கு இங்கிலீஷ் வருமா கண்ணு?" என்று கேட்டார் ஜெயச்சந்திரன்.

"வராது."

"அப்புறம் கைக்குப் போறே?" என்றது ஜன்னல்.

கைக்கு என்றால் இந்த ஊர்ப் பேச்சில் 'எதற்கு' என்று அமலி இந்தப் பத்து நாளில் கற்றிருந்தாள். "தமிழ்ல நல்லா சொல்வேன். பட்டம், வட்டம், கட்டம், சட்டம். எங்க வகுப்புல என்னை யாரும் ஜெயிச்சதில்லை" என்றாள்.

சூசைராஜ் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். "என் தங்கச்சி மக. எழுதிக்கோ ஜெயா" என்றார்.

ஜெயச்சந்திரன் எழுதிக்கொண்டு போனார். மாமா வேலைக்குக் கிளம்பினார்.

அமலி தனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களை விரல்விட்டு எண்ணினாள். யெஸ். நோ. தேங்க்யூ. மூன்றும் மூன்று திசையில் முடிந்தன. நாளைக்கு அத்தனை பேர் முன்னால் மேடையில் வாயடைத்து நின்றால், தலை குனியப்போவது அவள் மட்டுமல்ல. மாமாவும்தான்.

"என்ன யோசனை? பையை எடு. ஊறுகாய்க்கு மாங்காய் வாங்கணும்" என்றாள் ஆரோக்கியமேரி அத்தை.

போவன்பள்ளி மார்க்கெட்டில் மாங்காய் மலை மலையாகக் குவிந்து கிடந்தது. அத்தை ஒரு மூட்டையைத் திறந்து, ஒவ்வொரு மாங்காயாகத் தட்டிப் பார்த்தாள்.

"ரேட் தக்குவேனம்மா" என்றார் வியாபாரி. தெலுங்கு.

"எது குறைச்சல்? போன வாரத்து ரேட்டைச் சொல்லுங்க. வெயிட்டும் சரியா போடணும்" என்றாள் அத்தை. தமிழ்.

மூட்டை தூக்குகிறவர் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே அவசரப்படுத்தினார். "லேட் ஹோரா அம்மா. கேட் பந்த் கர் தேரே." அது ஹைதராபாத் இந்தி. நேரமாகிறது, கேட்டை மூடுகிறார்கள் என்பது பொருள்.

ஒருவர் மொழியை ஒருவர் பேசவில்லை. ஆனாலும் பேரம் தண்ணீராக ஓடியது. அமலிக்குத் தெலுங்கும் புரியவில்லை, இந்தியும் புரியவில்லை. புரியாத பேச்சுக்கு நடுவே தெரிந்த முகம்போல் சில சொற்கள் மட்டும் தலைகாட்டின. ரேட். லேட். கேட்.

"அத்தை, அவர் பேசுறது தெலுங்குதானே?"

"ஆமா."

"இவர் பேசுறது இந்தி. நீங்க பேசுறது தமிழ்."

"பின்னே? நான் என்ன சீன மொழியா பேசுறேன்?"

"அப்போ ரேட்டுங்கிறது எந்த மொழி அத்தை?"

அத்தையின் கையில் மாங்காய் அப்படியே நின்றது. "அது... ரேட்டு ரேட்டுதான்" என்றாள். பிறகு, "அடியாத்தீ, அது இங்கிலீஷ் இல்ல?" என்றாள்.

அமலி மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளாக அவள் நினைத்திருந்தது வேறு. விலை, விளக்கு, எடை எல்லாம் பள்ளிக்கூடத் தமிழ். ரேட்டு, லைட்டு, வெயிட்டு எல்லாம் வீட்டுத் தமிழ். இரண்டு தமிழ் உண்டு என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்தால், ஆங்கிலம் தெரியாமலே பாதி நாள் ஆங்கிலம் பேசியிருக்கிறாள்.

தெலுங்குக்காரர், இந்திக்காரர், தமிழ்க்காரர் மூவரும் ஒரே சொல்லைச் சொன்னால் அது ஆங்கிலம். அமலி தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள்.

திரும்பும் வழியெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு வந்தாள். அத்தை ஆட்டோக்காரரிடம், "ஸ்ட்ரெயிட்டா போங்க" என்றாள். அவரும், "ஸ்ட்ரெயிட்டா?" என்று கேட்டுத் தலையாட்டினார். அமலி அதையும் பிடித்து வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் எட்வினின் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். எட்வினால் பேச முடியாது. ஆங்கிலம் என்றால் கட்டைவிரலைத் தூக்குவான். இல்லை என்றால் கையை ஆட்டுவான்.

"கேட்?" கட்டைவிரல். "பிளேட்?" கட்டைவிரல். "லைட், டைட், நைட்?" இரண்டு கட்டைவிரலும்.

"சமோசா?"

எட்வின் கையை ஆட்டினான்.

"ஏன், எல்லாரும்தானே சொல்றாங்க? மார்க்கெட்ல மூணு பேரும் சொன்னாங்க."

எட்வினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு துடித்தான். பக்கத்திலிருந்த காகிதத்தில், 'தின்கிற பொருளைச் சேர்க்காதே. என்னைச் சிரிக்கவும் வைக்காதே' என்று எழுதிக் காட்டினான்.

அன்று மாலைவரை அந்த வீட்டில் யாராலும் நிம்மதியாகப் பேச முடியவில்லை. எது பேசினாலும் அமலி இடையில் புகுந்து ஒரு சொல்லைப் பிடுங்கிக்கொண்டாள். நஸ்ரின் ஜன்னலிலேயே நின்று, பஸ் கண்டக்டர்போல், "ரைட், ரைட்" என்று ஒரு சொல்லை இனாமாகக் கொடுத்தாள்.

மாமா வேலையிலிருந்து வந்தார். "இன்னைக்கு நிமிர முடியலை மேரி. ஃபிரெயிட்டா வந்து குவிஞ்சிடுச்சு" என்று சட்டையைக் கழற்றி மாட்டினார்.

"ஃபிரெயிட்னா என்ன மாமா?"

"சரக்கு வண்டி, அம்மாடி. ஊர்ல கூட்ஸுன்னு சொல்வாங்க. நாங்க வேலை செய்ற இடத்துல ஃபிரெயிட்."

எட்வினைக் கேட்கலாம் என்று ஓடினாள். மருந்து குடித்துவிட்டு அவன் தூங்கிப்போயிருந்தான். திரும்பி வந்தாள்.

"மாமா, உங்ககூட வேலை செய்ற தெலுங்குக்காரங்களும் அப்படித்தான் சொல்வாங்களா?"

"ஆமா."

"இந்திக்காரங்க?"

"எல்லாரும்தான். கைக்கு?"

"சும்மாதான்" என்றாள் அமலி.

மறுநாள் காலை பத்து மணிக்கு இன்ஸ்டிடியூட் ஹால் நிரம்பிவிட்டது. மேடையில் பன்னிரண்டு பிள்ளைகள். முதல் சுற்றுக்கு 'லைட்' என்ற சொல் வந்தது. அமலி டைட், நைட், ரைட் என்று தாண்டினாள். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கடைசியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒன்று அமலி. மற்றொன்று வெங்கட்.

வெங்கட்டின் அப்பா மாதாப்பூரில் கணினிக் கம்பெனியில் வேலை செய்கிறவர். குடியிருப்புக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் வீடு. வெங்கட் நல்ல பையன்தான். ஆனால் அகராதியை முழுசாகக் கரைத்துக் குடித்தவன்போல் நிற்பான்.

"நீ தமிழ் மீடியமாமே? பயமா இருந்தா உக்காந்துக்கோ" என்று காதோடு சொன்னான்.

"கால் வலிச்சா நீ உக்காந்துக்கோ" என்றாள் அமலி.

ஜெயச்சந்திரன் மைக்கைத் தட்டினார். "கடைசிச் சுற்று. சின்னச் சொல்தான் செல்லும். ஒரு கைதட்டலுக்குள்ள முடியணும். நீளமா இழுத்தா அவுட். சொல்: லேட்."

"கேட்" என்றாள் அமலி.

"ஃபேட்" என்றான் வெங்கட்.

"ரேட்."

"ஸ்கேட்."

"பிளேட்."

வெங்கட் புத்தகத்திலிருந்து எடுத்துப் போட்டான். அமலி மார்க்கெட்டிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் எடுத்துப் போட்டாள். வெயிட் போனது. ஸ்ட்ரெயிட் போனது. டேட், ஸ்லேட், எயிட் எல்லாம் போயின. ஹால் முழுக்க ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே ஒரு கைதட்டு.

"ஸ்டேட்" என்றான் வெங்கட். அவன் நெற்றியிலும் வியர்வை.

அமலியின் மூட்டை காலியாகிவிட்டது. "அஞ்சு, நாலு" என்று ஜெயச்சந்திரன் எண்ணத் தொடங்கினார். அமலி ஹாலைப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் மாமா இஸ்திரி போட்ட சட்டையில், முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. நேற்று மாலை சட்டையைக் கழற்றி மாட்டியதும், நிமிர முடியவில்லை என்று சொன்னதும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"ரெண்டு" என்றார் ஜெயச்சந்திரன்.

"ஃபிரெயிட்" என்றாள் அமலி.

வெங்கட் புருவத்தைச் சுருக்கினான். "அங்கிள், அப்படி ஒரு வார்த்தை இருக்கா?"

ஜெயச்சந்திரன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மூன்றாவது வரிசை சொல்லிவிட்டது. நாள் முழுக்கச் சரக்கு வண்டிகளோடு மல்லுக்கட்டுகிறவர்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர், "இருக்கு" என்றார். ஒருவர், "உந்தி" என்றார். ஒருவர், "ஹை" என்றார்.

மூன்று மொழியிலும் தீர்ப்பு வந்துவிட்டது. ஹாலே சிரித்தது. ஒரு கைதட்டுக்குப் பதில் நூறு கைதட்டல் விழுந்தது.

வெங்கட் யோசித்தான். மேலே பார்த்தான். கீழே பார்த்தான். ஐந்து எண்ணி முடிந்தது. பிறகு அவனும் சிரித்துவிட்டான். "அந்த வார்த்தையை எனக்கு எழுதிக் குடு" என்று கையை நீட்டினான்.

"எழுத எனக்கும் தெரியாது. எட்வின் எழுந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்றாள் அமலி.

சூசைராஜ் கேடயத்தை வாங்கி அமலியின் கையில் கொடுத்தார். வீடுவரைக்கும் அவள்தான் தூக்கி வந்தாள். அது நல்ல வெயிட்.

டிவி மேல் பழைய இடத்திலேயே அது ஏறியது. எட்வின் இரண்டு கட்டைவிரலையும் தூக்கினான். அத்தை மாங்காய் நறுக்க உட்கார்ந்தாள். "ஊறுகாய் இன்னைக்கு லேட்" என்றாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சிரிக்க வேண்டாம் என்று எட்வின் கெஞ்சியதை யாரும் கேட்கவில்லை.

கடைசிச் சொல்லை எட்வின்தான் ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொடுத்தான் என்று குடியிருப்பில் ஒரு பேச்சு இன்றும் உலவுகிறது. அது தவறு. எட்வின் அன்று கட்டிலைவிட்டு இறங்கவில்லை. ஹால் ஜன்னலுக்கு வெளியே நின்றவள் நஸ்ரின். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் வாயில் அப்போது முழு பன் ஒன்று இருந்தது.