பக்கத்து வீட்டுத் தும்மல்

அடுத்த வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மறுபடியும் தும்மினார்.

தும்மலில் ஒன்றும் தப்பில்லை. மூக்கு என்று ஒன்று இருந்தால் மனிதர் தும்மத்தான் செய்வார். ஆனால் அவர் தும்மி முடித்ததும் மனைவி, “குடையை எங்க வச்சீங்க?” என்று கேட்டு, அவர் “உன் தலையில” என்று சொல்லி, பாத்திரம் ஒன்று கீழே விழுந்து, உருண்டு, சுவரில் முட்டி நின்றது. இதே வரிசையில்தான் நேற்றும் நடந்தது. முந்தாநாளும். வெளியே மழை வரும் அறிகுறிகூட இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ரேடியோக்காவை விட்டால் ஆளில்லை. அந்தக் குடியிருப்பு அவளுக்கு வைத்த பெயர் அது. எந்த வீட்டில் யாருக்கு யாரோடு முறைப்பு, எந்த மருமகள் எப்போது எழுகிறாள் என்பதையெல்லாம் சுவரில் காதை வைத்தே சேகரித்தவள். அதனால் பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்த பிறகு, உள்ளே பேசுவதைக் கேட்க வீட்டுக்கு வீடு காவல் பெட்டி மாட்டப்போவதாக அரசு அறிவிப்பு வந்தபோது அவள் அலட்டிக்கொள்ளவில்லை. தான் இத்தனை காலம் சம்பளமில்லாமல் செய்ததை இனி ஒரு பெட்டி செய்யப்போகிறது, அவ்வளவுதான்.

“மடியில கனமில்லேன்னா வழியில என்ன பயம்?” என்றாள் கணவரிடம், பெட்டி மாட்டிய அன்று.

“கனமில்லதான். அதுக்காகப் போறவன் வர்றவனுக்கெல்லாம் மடியை அவுத்துக் காட்டணுமா?”

“மெதுவா பேசுங்க. பெட்டி இருக்கு.”

“பாத்தியா. நம்ம வீட்டுக்குள்ளயே என்னை மெதுவா பேசச் சொல்ற.”

இந்தப் பேச்சு பெட்டிக்குப் போனதா, போனால் யார் கேட்டார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. பெட்டி மாட்ட வந்த இளைஞனுக்குத் தண்ணீர் கொடுத்து, வாய் சும்மா இராமல், “பக்கத்து வீட்டுக்காரர் தங்கமான மனுஷர்தான் தம்பி. ஆனா இருட்டினதும் பால்கனிக்குப் போய் யார்கிட்டயோ குசுகுசுன்னு பேசுறார். யார்கிட்டன்னுதான் எனக்குப் பிடிபடல” என்று சொன்னதையும் யோசிக்கவில்லை. அவன் “அப்படியாக்கா” என்றான். திருகாணியை இறுக்கினான். போய்விட்டான்.

இப்போது சாயங்கால வெளிச்சம் ஜன்னலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

“அவங்க தினமும் ஒரே சண்டையைத்தான் போடுறாங்க” என்றாள்.

கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். “சண்டையைக் கேட்டது இருக்கட்டும். ஆளைப் பாத்து எவ்வளவு நாளாச்சு?”

அவளுக்குப் பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது. தினமும் காதில் விழுந்தவர்களை எதிரில் கண்டதாகவே மனம் கணக்கு வைத்திருந்தது. யோசித்துப் பார்த்தால் அந்தப் பால்கனியில் துணி ஆடவில்லை. தாளிக்கும் நெடி வந்து மூக்கைத் தொடவில்லை. சத்தம் மட்டும், வாடகையை ஒழுங்காகக் கட்டும் குடித்தனக்காரன்போல, நேரம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

“தப்பா ஒண்ணும் இருக்காது. ஒரு எட்டு பாத்துட்டு வரேன்” என்று கிளம்பினாள்.

தட்டுவதற்குள் கதவு திறந்துகொண்டது. உள்ளே தரை துடைத்த மருந்தின் நெடி. நாற்காலி இல்லை, கட்டில் இல்லை. சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளிறிய சதுரங்களாக நின்றன. அவற்றின் நடுவில் பெட்டி, அதில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு.

பெட்டி தும்மியது.

“குடையை எங்க வச்சீங்க?”

“உன் தலையில.”

வெறும் தரையில், இல்லாத பாத்திரம் விழுந்தது. உருண்டது. அவள் காலருகே வந்து, தாண்டி, சுவரில் முட்டியது.

அவள் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. உடம்பு மரத்துப்போய், பல் பிடுங்க ஊசி போட்ட ஈறுபோல இருந்தது. பெட்டி சற்று ஓய்ந்து, மறுபடி தும்மியது. பிறகு மறுபடி. எத்தனை தடவை கேட்டாள் என்று தெரியவில்லை. வெளியே வந்தபோது நடைபாதையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவளுடைய வீட்டுக்குள் பேச்சுச் சத்தம்.

“துணியெல்லாம் எடுத்துட்டியா?” என்றார் கணவர்.

அப்பாடா என்று மூச்சு வந்தது. எடுக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள்.

“எடுத்தாச்சு, எடுத்தாச்சு. உங்களுக்கு வேற வேலையில்ல” என்றது உள்ளேயிருந்து அவள் குரல்.

கதவைத் தள்ளினாள்.

தரை ஈரமாக இருந்தது. மருந்து நெடி. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி இல்லை. செய்தித்தாள் இல்லை. அவர் இல்லை.

சுவரிலிருந்து அவர் ஏதோ கிண்டலாகச் சொன்னார். சுவரிலிருந்து அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு. வயிறு குலுங்கும் சிரிப்பு. இப்படிச் சிரித்தது எந்த நாளில் என்று அவளுக்கு நினைவில்லை.

மாடிப்படியில் எதிர்வீட்டுக்காரி யாரிடமோ சொல்லிக்கொண்டே இறங்கினாள். “ரேடியோக்கா வீட்டைக் கேளேன். புருஷனும் பொண்டாட்டியும் ஒரே சிரிப்பு. அவங்களுக்கென்ன குறை.”

அவளைக் கூப்பிட வேண்டும். இப்போதே. வாயைத் திறந்தாள்.

கீழேயிருந்து கனமான காலணிகள் ஏறி வந்தன. எதிர்வீட்டுக்காரி ஒதுங்கி வழிவிட்டாள். கூடத்தின் நடுவே ரேடியோக்கா திறந்த வாயோடு நின்றாள், சத்தமில்லாமல். வீடு முழுக்க அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.