வீங்கிய முட்டி

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த திங்கட்கிழமை மதியம். லிட்டில் இந்தியாவில் மாடியில் இருந்த ஒரு சிறிய சிகிச்சை நிலையத்துக்குள், தம்பியைச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக இழுத்துக்கொண்டு ஹம்னா நுழைந்தாள். குடையை மடக்கக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை. தரையெல்லாம் ஈரமானது.

“இவன் கைய பாத்து சொல்லுங்க. இவன் யாரையாவது அடிச்சிருப்பானா?”

யாமினி நிமிர்ந்து பார்த்தாள். மணிக்கட்டும் விரல்களும் பழுதாகி வருகிறவர்களைத் தேற்றி அனுப்பும் தெரப்பிஸ்ட் அவள். கையை உடைத்துக்கொண்டவர்கள் சொல்லும் பொய்களையெல்லாம் கேட்டுக் கேட்டு, எதற்கும் பதறாத சுபாவம் வந்திருந்தது. பதறுவதற்கென்றே அங்கே இன்னொருவர் இருந்தார். துரைசாமி, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவர். சிகிச்சை நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், விரல் பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் களியைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். வம்பு தேடி வரும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

“உக்காரும்மா. மொதல்லேர்ந்து சொல்லு,” என்றார், கிளினிக்கே தன்னுடையது போல.

ஹம்னா உட்காரவில்லை. நின்றபடியே கொட்டித் தீர்த்தாள். தம்பி அதீஃப் வேலை பார்ப்பது ஜாலான் புசாரில் சேக் தாவூதின் ஹார்டுவேர் கடையில். சனிக்கிழமை சாயங்காலம் கடை சாத்தும் நேரத்தில் கரண்ட் போனது. மாடி ஸ்டோர் ரூமில் இருந்த சேக் தாவூதை நோக்கி இருட்டில் ஒரு குத்து வந்தது. அவர் முகத்தைத் திருப்பிவிட்டார். குத்து காதை உரசிக்கொண்டு போய் இரும்பு அலமாரியில் இறங்கியது. அவர் விழுந்து, நெற்றி கிழிந்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு இன்று காலைதான் கடைக்கு வந்தார். வந்ததும் கண்ணில் பட்டது, கட்டுப் போட்ட கையோடு நின்ற அதீஃப்.

“அன்னிக்கு மத்தியானந்தான் வேலைய விடுறேன்னு சொல்லி தாவூது மாமாகிட்ட திட்டு வாங்கியிருக்கான். அதனால இவன்தானாம். எங்க அத்தாவும் மாமாவும் சின்ன வயசுலேர்ந்து கூட்டாளிங்க. காலையிலயே அத்தாவுக்கு போன் போட்டு, ‘ஒம் மவன் என்ன அடிச்சிட்டான்’னு சொல்லிட்டாரு. சாயங்காலம் மக்ரிப் தொழுகைக்குள்ள ஒத்துக்கலன்னா போலீஸ் ரிப்போர்ட்டாம். இவனுக்கு ஆம்புலன்ஸ்ல வேலை கெடச்சிருக்கு. கேஸுன்னு ஒண்ணு வந்தா எடுப்பாங்களா?”

“கை எப்படித் தம்பி அடிபட்டுச்சு?” என்றாள் யாமினி.

அதீஃப் தரையைப் பார்த்தான். “சனிக்கிழமை ராத்திரி அத்தா படுக்கைக்கு பெட்ஷீட் மாத்தினேன். மெத்தைக்கு அடியில அழுத்திச் சொருகறப்ப விரல் மாட்டிக்கிச்சு.”

துரைசாமி சிரித்தே விட்டார். “பெட்ஷீட் ஒடைச்சிருச்சா? நல்லா சொன்ன போ!”

“மாமாவும் இப்படித்தான் சிரிச்சாரு,” என்றான் அதீஃப்.

யாமினி சிரிக்கவில்லை. அவனுடைய வலது கையை மேசைமேல் வைத்து, துணிக்கட்டைப் பிரித்தாள். மோதிர விரலில் மட்டும் பிளாஸ்டிக் பட்டை இருந்தது. விரல் நுனியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு பட்டையைக் கழற்றினாள். பிறகு, மடங்கிய விரல்களின் அடிக்கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். “வலிக்குதா?” “இல்ல.” கடைசியில் மோதிர விரலின் நுனி மூட்டைத் தொட்டதும் அவன் முகம் சுளித்தான். அந்த நுனி தலை கவிழ்ந்து கிடந்தது. எவ்வளவு முயன்றும் அதை மட்டும் அவனால் நிமிர்த்த முடியவில்லை.

யாமினி பட்டையைத் திரும்ப மாட்டிவிட்டுக் கைப்பையை எடுத்தாள்.

“எங்க டாக்டரம்மா?” துரைசாமி களியைப் போட்டுவிட்டு எழுந்தார்.

“நான் டாக்டர் இல்லண்ணே. எத்தன தடவ சொல்றது? அலமாரிய பாக்கப் போறேன்.”

ஜாலான் புசார் பக்கந்தான். ஆனாலும் அந்த நடை ஹம்னாவுக்கு முடிவதாக இல்லை. ஒவ்வொரு சிக்னலிலும் கைப்பேசியைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக வந்தாள்.

கடையில் அனிதா என்ற பெண் கல்லாவில் இருந்தாள். முதலாளி மாடியில் ஓய்வெடுப்பதாகச் சொன்னாள். துரைசாமிக்கு விசாரணை என்றால் கரும்பு. “அன்னிக்கு கரண்ட் போனப்ப யார் யாரும்மா இருந்தீங்க?”

“நான் இங்கதான், டார்ச் தேடிட்டு இருந்தேன். கஸ்டமர் ஒருத்தரும் பக்கத்துலயே நின்னாரு. அதீஃப் பின்பக்கம் பைப்பு அடுக்கிட்டு இருந்தான். பாலா அண்ணன் எங்க இருந்தாருன்னு தெரியல. பாவம், அவரே அன்னிக்கு மனசு ஒடஞ்சு போயிருந்தாரு. பிடோக்ல தொறக்குற புதுக் கடை அவருக்குத்தான்னு நெனச்சோம். முதலாளி மருமகனுக்குன்னு சொல்லிட்டாரு. போதாததுக்கு அவருக்கும் அடி. ஞாயித்துக்கிழமை காலையில போன் பண்ணி, முட்டி வீங்கியிருக்கு, லேட்டா வர்றேன்னாரு. நாந்தான் போய் நீகார்டு வாங்கிட்டு வந்தேன்.”

அந்தப் பாலா அண்ணன், அதாவது கடையின் மேனேஜர் பாலகிருஷ்ணன், அப்போதுதான் உள்ளேயிருந்து நொண்டியபடி வந்தார். காற்சட்டைக்கு மேலேயே முழங்காலில் மாட்டிய நீகார்டு தெரிந்தது. வலது கை பைக்குள். “மழையில வந்திருக்கீங்க, குடிங்க,” என்று பார்லி பாக்கெட்டை எடுத்துத் துரைசாமியிடம் நீட்டினார், இடது கையால்.

துரைசாமிக்குச் சுருக்கென்றது. வாங்கிக்கொண்டாலும், யாமினியின் காதருகே பொருமினார். “வயசுக்காவது மரியாத வேணாமா? இடது கையால குடுக்கறான் பாருங்க.”

“பாத்தேண்ணே,” என்றாள் யாமினி.

மாடியிலிருந்து சேக் தாவூது குரல் கொடுத்தார். பாலகிருஷ்ணன் நொண்டியபடியே அந்தச் செங்குத்தான மரப்படிகளில் ஏறினார். வலப்பக்கச் சுவரில் கைப்பிடி இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

“பாலா அண்ணன் போன்ல என்ன வார்த்த சொன்னாரு? அப்படியே சொல்லுங்க,” என்று அனிதாவைக் கேட்டாள் யாமினி.

“முட்டி வீங்கிப்போச்சும்மான்னாரு. முட்டின்னா முட்டிதானே? நான்தான், ‘ஐயோ, நடக்க முடியுதாண்ணே?’ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, ‘மெதுவா நடப்பேன்’னாரு.”

யாமினி தலையசைத்துவிட்டு எல்லோரையும் மேலே வரச் சொன்னாள்.

ஸ்டோர் ரூமில் இரும்பு அலமாரியின் கதவு ஆள் உயரத்தில் நன்றாக உள்வாங்கியிருந்தது. அதன் பக்கத்தில், நெற்றியில் தையலோடு சேக் தாவூது. அதீஃபைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஒத்துக்க வந்தியா?”

“அவன் ஒத்துக்க ஒண்ணுமில்லங்க. மூடின கைதான் இந்தப் பள்ளத்தப் போட்டிருக்கு. கைய மூடுங்க ஐயா, விரல் நுனியெல்லாம் எங்க இருக்கு?”

அவர் வேண்டா வெறுப்பாகக் கையை மூடிப் பார்த்தார். “உள்ளங்கைக்குள்ள.”

“இந்தத் தம்பிக்கு அடிபட்டது விரல் நுனியில. நுனிய நிமுத்துற தசைநார் அறுந்துபோச்சு. நீட்டி வெச்ச விரல் எதுலயாவது முட்டி மடங்கினாத்தான் அது அறும். பந்து பட்டு வரும், பெட்ஷீட் சொருகறப்பவும் வரும். அப்படி எத்தனையோ பேர் எங்கிட்ட வந்திருக்காங்க. அவங்க வீட்லயும் எல்லாரும் சிரிச்சிருக்காங்க. ஆனா குத்தறப்ப நுனி பத்திரமா உள்ள இருக்கும். அடி வாங்குறது முன்னாடி இருக்குற முட்டிங்கதான். இவனுக்கு அங்க சின்ன வலிகூட இல்ல.”

“அப்ப யாரு?” துரைசாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. “சொல்லுங்க டாக்டரம்மா, கொல்லாதீங்க!”

“நம்ம பேச்சுல முட்டின்னா முழங்கால். கைய மடக்கினா அதுவும் முட்டி, அதுல பொடைச்சிக்கிட்டு நிக்கிறதும் முட்டி. ஞாயித்துக்கிழமை காலையில முதலாளி ஆஸ்பத்திரியில இருந்தாரு. யாரும் யார் கையையும் தேடல. அதனால பாலகிருஷ்ணன் உள்ளதத்தான் சொன்னாரு, முட்டி வீங்கியிருக்குன்னு. அனிதா அத முழங்கால்னு எடுத்துக்கிட்டு, நடக்க முடியுதான்னு கேட்டாங்க. அவருக்கு அது வசதியாப் போச்சு. அதுலேர்ந்து நொண்டறாரு.”

“எனக்கு நெஜமாவே முழங்கால்தான்,” என்றார் பாலகிருஷ்ணன்.

“முழங்கால் வலிக்கிறவங்க படியில மொதல்ல தேடுறது கைப்பிடியத்தான். உங்க வலது பக்கமே இருந்தும் நீங்க தொடல. பெரியவருக்கு இடது கையால குடுத்தீங்க. மரியாத தெரியாதவர் இல்ல நீங்க, வலது கையால புடிக்க முடியல. பையிலேர்ந்து கைய எடுத்து மூடிக் காட்டுங்க.”

பாலகிருஷ்ணன் ஒருமுறை வாசலைப் பார்த்தார். அங்கே துரைசாமி வழியை அடைத்துக்கொண்டு நின்றார். மெல்லக் கை வெளியே வந்தது. ஓரம் முழுக்க நீலம் பாரித்து வீங்கியிருந்தது. பாதிதான் மூட முடிந்தது. மூன்று முட்டிகள் எழுந்து நின்றன. சுண்டுவிரலுக்கு நேரே இருக்க வேண்டிய நாலாவது முட்டியைக் காணோம். அந்த இடம் குழிந்திருந்தது. சுண்டுவிரல் கோணிக்கொண்டு பக்கத்து விரலுக்கு அடியில் போய் நுழைந்தது.

“சுண்டுவிரலுக்குக் கீழ உள்ள எலும்பு முட்டிகிட்டயே முறிஞ்சிருக்கு. கெட்டியான எதையாவது குத்தினாத்தான் பெரும்பாலும் இப்படி முறியும். இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. இல்லன்னா கோணலாவே சேந்துடும்.”

பாலகிருஷ்ணன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். “இந்தக் கடையில என் வாழ்க்கையே போச்சு முதலாளி. ஒரு வார்த்த என்கிட்ட சொல்லிட்டுக் குடுத்திருக்கலாம்.”

“அதுக்கு இந்தப் பையன மாட்ட விடுவியா?” என்றார் சேக் தாவூது. “போ, மொதல்ல கையக் காட்டு. ஒன் வெவகாரத்த நாளைக்குப் பேசிக்குவோம்.” பிறகு அதீஃபின் பக்கம் திரும்பினார். “மாமா தப்புப் பண்ணிட்டேன்டா. ஒம்மேல ரிப்போர்ட் ஒண்ணும் இல்ல. மன்னிச்சிரு.”

ஹம்னா அப்பாடா என்று மூச்சு விட்டாள். அதீஃப் அசையவில்லை.

“என்கிட்ட சொல்லி என்ன மாமா? அத்தா காலையிலேர்ந்து என்கிட்ட பேசல. ‘தாவூது பொய் சொல்ல மாட்டான்’னு ஒரே ஒரு வார்த்ததான் சொன்னாரு. கஞ்சி ஊட்டப் போனேன், மொகத்த திருப்பிக்கிட்டாரு. யார் பெட்ஷீட்ட மாத்துறப்ப விரல் போச்சோ, அவரே நம்பல.”

ஹம்னா இதை இப்போதுதான் கேட்கிறாள். கல்யாணமாகிப் போனபின் அத்தாவைப் படுக்கையில் புரட்டுவதும் கழுவுவதும் யார் என்று அவள் கேட்டதே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சேக் தாவூது எழுந்து செருப்பை மாட்டினார். “அனிதா, டாக்சி கூப்புடு. இவன் அத்தா வீட்டுக்கு.”

“தலையில தையலோட எங்க முதலாளி? போன்ல சொல்லிடலாமே.”

“போன்ல சொல்லித்தான் இவ்வளவும் ஆச்சு.”

குடைக்குக்கூட நிற்காமல் அவர் படியிறங்கித் தெருவோரம் போய் நின்றார். டாக்சி வரும்வரை அதீஃபின் அடிபடாத கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.