ஜன்னல் இல்லாத ஃபேமிலி ரூம்

அடுத்தவர் தபால் கார்டைப் படிக்கக் கூடாது என்பது ரேணுகாவுக்குத் தெரியாதா என்ன? நாலு வருஷமாகத் திருவண்ணாமலைத் தபாலாபீஸ் கவுண்டரில் உட்காருகிறவள். ஆனாலும், முத்திரை குத்தும்போது நாலு வரி கண்ணில் பட்டுத்தான் தொலைக்கிறது. கண்ணை மூடிக்கொண்டா குத்த முடியும்?

அன்றைக்குப் பட்ட வரி இது: ‘அம்மா, இந்த ஊரில் கோயில் பெரிது, மலை பெரிது, சாப்பாடுதான் சகிக்கவில்லை.’

ஓங்கிய முத்திரை பாதியில் நின்றது.

“ஏங்க, பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு எடத்துல சாப்ட்டுட்டு ஊரையே திட்டி எழுதறீங்களே, இது நாயமா?”

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவன் நிமிர்ந்தான். வெளியே ஐப்பசி மழை... அவன் தலைமுடியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர். கண்கள்... பாவி, இத்தனை பசியிலும் அந்தக் கண்கள் சிரிக்கின்றனவே.

“அடுத்தவன் கடுதாசியப் படிக்கீங்களே, இது மட்டும் நியாயமாங்க?”

அவளுக்கு முகம் சுட்டது. அதற்காகத் தோற்றதாகக் காட்டிக்கொள்வாளா? கார்டை அவன் பக்கமே தள்ளினாள்.

“சன்னதித் தெருவுல கங்கா கபேன்னு கேளுங்க. காலையில பொங்கலுக்குக் கத்திரிக்கா கொத்சு வெப்பாங்க. சாப்ட்டுட்டு வந்து அப்புறம் எழுதுங்க.”

அவன் பெயர் நெல்லையப்பன். பாளையங்கோட்டைக்காரன். கீழ்பென்னாத்தூர் எண்ணெய் மில்லில் புது மெஷின் பூட்டுவதற்குக் கம்பெனி அனுப்பியிருந்தது. இருபது நாள் வேலை, தங்கல் திருவண்ணாமலை லாட்ஜில். மகன் தினமும் என்ன சாப்பிட்டான் என்று அம்மாவுக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் தினமும் ஒரு கார்டு.

மறுநாள் வந்தான். ரேணுகா வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “கொத்சு?” என்றாள்.

“ரெண்டு தடவ வாங்கினேன். மூணாவது தடவ கேக்க வெக்கமாப் போச்சு.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த கடையைச் சொன்னாள். பே கோபுரத் தெரு சந்தில் ஆராயி அம்மாளின் இட்லி. அதற்கு அடுத்த நாள் போளூர் ரோட்டுக் கல்தோசை. தேரடிப் பக்கம் ஒரு மெஸ், அங்கே வெள்ளிக்கிழமை மட்டும் மோர்க்குழம்பு. அவனும் ஒவ்வொன்றாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து சொன்னான். ருசி நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தையில் முடிக்கிற ஆள் இல்லை. இலையில் சூடு எப்படி ஏறியது, பக்கத்து மேஜைக்காரர் எதற்குச் சண்டை போட்டார், சட்னியில் காரம் ஜாஸ்தியா கம்மியா... எல்லாம் சொல்வான். பின்னால் நிற்கிறவர்கள் முனகுவார்கள். அவளோ முத்திரையைக் கையில் பிடித்தபடி வாய் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு ஏன் அப்படி ஒரு ஆவல்? சொன்னால் நம்பமாட்டீர்கள். இத்தனை கடைக்கும் வழி சொன்னவள் அவற்றில் ஒன்றில்கூடக் கால் வைத்ததில்லை.

“வீட்ல அடுப்பு எரியறப்ப பொம்பளப் புள்ளைக்கு ஓட்டல்ல இன்னா வேலை?” என்பாள் அம்மா. சன்னதித் தெருவில் உரக்கடை வைத்திருக்கும் அண்ணன் ராஜேந்திரனுக்கு அதுவே சட்டம். ரேணுகாவுக்குத் தெரிந்ததெல்லாம் தபால்காரர் தருமன் சொன்னது. தபால் கொடுக்கப் போகிற ஹோட்டலில் எல்லாம் அவருக்கு ஒரு காபி உண்டு. மத்தியானம் வந்து உட்கார்ந்து கதை கதையாகச் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டே அவள் வீட்டுத் தயிர்சாதத்தைத் தின்று முடிப்பாள்.

இதை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. ஊரையே தின்று தீர்த்தவள் மாதிரி அல்லவா பேசிவிட்டாள்?

பதினாறாம் நாள் பெருமழை. அவன் ஈரக் கையோடு கார்டை நீட்டியபோது அவளுக்கு என்ன தோன்றியதோ...

“கங்கா கபேல ஃபேமிலி ரூம் இருக்குங்க. ஜன்னலாண்ட உக்காந்தா மலை தெரியும். மழையில மலையப் பாத்துக்கினே ஒரு காபி சாப்டணும்...” என்றாள். குரல் குழைந்துவிட்டது. அந்த மலை யாரும் சொல்லாதது, அவளே ராத்திரிகளில் கட்டி வைத்திருந்த ஆசை.

மறுநாள் அவன் முகத்தில் ஒரு தயக்கம்.

“தனியாளுக்கு ஃபேமிலி ரூம் கிடையாதுன்னு சர்வர் மறிச்சுட்டாரு. கெஞ்சி எட்டிப் பாத்தேன். நாலு பக்கமும் பலகை, ஒரு பச்சைத் திரை. ஜன்னலே இல்லீங்க.” மெதுவாகக் கேட்டான். “நீங்க அங்க போனதே இல்லையோ?”

கேலியாகக் கேட்கவில்லை. ஆனால் வரிசையில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ரேணுகாவுக்கு உள்ளங்கால்வரை கூசிப்போயிற்று.

“கார்டு வாங்கத்தானே வந்தீங்க? பக்கத்துக் கவுண்டருக்குப் போங்க.”

“நான் தப்பா ஒண்ணும்...”

“அடுத்த ஆளு வாங்க.”

 அவன் போய்விட்டான். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வாசலில் யார் குடை மடக்கினாலும் அவள் தலை தூக்கினாள். இவ்வளவு வீம்பு யாருக்காக என்று தன்னையே கேட்டாள். அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்... பசிக்கவில்லை, தூக்கமும் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் தருமனைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணே, கங்கா கபே ரூம்ல ஜன்னல் இருக்குன்னு சொன்னீங்களே?”

“நான் எங்கம்மா உள்ள போனேன்? பின்னாடி சந்துலேந்து ஒரு ஜன்னல் தெரிஞ்சிது, சொன்னேன். அது சமையக்கட்டு ஜன்னலா இருக்கும். மலையெல்லாம் நீயே வெச்சிக்கினதா?” தருமன் வெற்றிலையை மடித்தபடி சேர்த்துச் சொன்னார். “அந்தத் திருநெல்வேலிப் புள்ள மூணு மணி விழுப்புரம் பஸ்ஸுக்கு ஊருக்குப் போவுதாம். இப்ப அந்தக் கங்கா கபேலதான் பெட்டியோட உக்காந்து சாப்ட்டுனுகீது.”

மணி ஒன்றரை.

ரேணுகா சாப்பாட்டு டப்பாவை மூடினாள். குடையை எடுத்தாள்.

கங்கா கபேக்கு அண்ணன் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

“இந்த மழையில எங்க போற?” என்றான் ராஜேந்திரன்.

“சாப்பிட.”

தராசில் உரம் கொட்டிக்கொண்டிருந்த அண்ணன் கை அப்படியே நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே நின்றிருப்பாள்.

உள்ளே நுழைந்ததும் அத்தனை ஆண் முகங்களும் திரும்பின. நெய் மணம், காபி மணம், பாத்திரச் சத்தம்... இருபத்தாறு வயதுவரை காதால் மட்டும் கேட்டதெல்லாம் மூக்கில் வந்து மோதியது. மூலை மேஜையில் பாதி இலையோடு அவன் எழுந்து நின்றான்.

சர்வர் ஓடி வந்தார். “தனியா வர்ற லேடீஸ ஹால்ல உக்கார வெக்க மொதலாளி ஒத்துக்க மாட்டாரும்மா. ரூம்னா குடும்பமா வரணும்.” அவள் பார்வை போன திக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “இவரு உங்களுக்கு யாருங்க?”

நெல்லையப்பன் அவளைக் காப்பாற்ற ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முந்திக்கொண்டாள்.

“கட்டிக்கப் போறவரு.” சேர்த்துச் சொன்னாள். “அவருக்கு இன்னும் தெரியாது.”

சர்வர் அவன் பக்கம் திரும்பினார்.

“தெரியும்,” என்றான் நெல்லையப்பன். கண் கலங்கியிருந்தது. “கொத்சு சாப்பிட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமான்னுதான் தெரியாம மூணு நாளா உங்க ஆபீஸ் வாசல்வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன்.”

சர்வர் பச்சைத் திரையைத் தூக்கினார். உள்ளே பலகை வாசனை, மங்கல் விளக்கு, ஒரு மேஜை. எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பார்க்க மலை இல்லை. அதனால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் நெனைக்கல. உங்களக் கூட்டிட்டுப் போயி ஒரு வாய் சாப்பிட வைக்கணும்னுதான் நெனைச்சேன். அதச் சொல்லத் தெரியாமக் கேட்டுட்டேன்,” என்றான்.

“எனக்கும் ரோஷம் ஜாஸ்திங்க.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மூணு மணி பஸ்?”

“அது போகட்டும். மொதல்ல உங்க அண்ணனப் பாக்கணும்.”

திரைக்கு வெளியே வேகமாக ஒரு செருப்புச் சத்தம் வந்து நின்றது. “ரேணுகா...” அண்ணன் குரல்.

நெல்லையப்பன் எழுந்தான். அவள் அவனைக் கையமர்த்திவிட்டுத் தானே எழுந்து போனாள்.  திரையை முழுசாக விலக்கினாள்.

“உள்ள வாண்ணா,” என்றாள். “உன்கிட்ட நானே வந்து சொல்லணும்னு இருந்தேன். எனக்கு இவரப் புடிச்சிருக்கு.”