ஆமையாரின் வயிற்றில் இரண்டு முடிச்சு

குண்டூசி என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆள் ஒல்லிதான். ஆனால் பெயர் அதனால் வந்தது இல்லை. எதைப் பார்த்தாலும் "ஏன்? எப்படி?" என்று குத்திக் குத்திக் கேட்பாள். அதற்காக அவள் சித்தப்பா வைத்த பெயர் அது.

சித்தப்பா தச்சர். வீட்டின் கீழே பட்டறை, மேலே குடும்பம். பட்டறையில் கதவு, நாற்காலி, கட்டில் எல்லாம் பாதி பாதியாக நிற்கும். மூலையில் மட்டும் முழுதாக ஒன்று இருந்தது. அதுதான் ஆமையார்.

ஆமையார் ஆமை இல்லை. ரிமோட்டில் ஓடும் டாங்கி. பெட்டியில் வைத்து விற்கிற பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பேர் உட்காரும் பெஞ்சு அளவு நீளம். தூக்குவதற்கு நான்கு பேர் வேண்டும். சித்தப்பா பலகை பலகையாக அறுத்து, இழைத்து, ஒட்டிச் செய்தது. வயிற்றுக்குள் இரண்டு பேட்டரி, இரண்டு மோட்டார், கிளம்பினால் தரை அதிரும்.

பார்க்க அழகு, ஓட்டத்தில்தான் சிக்கல்.

ஊரில் இப்படிப் பெரிய டாங்கி செய்கிறவர்கள் சிலர் இருந்தார்கள். அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கூடுவார்கள். போன முறை ஆமையார் கம்பீரமாகப் புறப்பட்டு, மைதானத்தின் நடுவில் போய், "உம்" என்று முனகிவிட்டு நின்றுவிட்டார். சித்தப்பா ரிமோட்டை அழுத்தினார், ஆட்டினார், கெஞ்சினார். ஆமையார் அசையவில்லை. கடைசியில் எல்லோரும் சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"பேட்டரி காலை வாரிடுச்சு" என்றார் சித்தப்பா.

ஆனால் பேட்டரிக் கடை அக்கா சோதித்துப் பார்த்துவிட்டு, "பேட்டரி கல்லு மாதிரி இருக்கு. முழுசா சார்ஜ் ஏத்தாம எடுத்துட்டுப் போயிருக்கீங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் பெரிய விஷயம். மழலைப் பள்ளிக் குழந்தைகள் மைதானத்துக்கு வருகிறார்கள். ஆமையாரின் பின்னால் ஒரு சின்ன வண்டியைக் கட்டி, குழந்தைகளை உட்காரவைத்து ஒரு சுற்று இழுத்துக் காட்டுவதாகச் சித்தப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

"இந்த வாட்டியும் பாதியில நின்னா, இதைப் பிரிச்சு ஒரு அலமாரி பண்ணிடுவேன்" என்றார் சித்தப்பா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிவிட்டு வந்ததும் குண்டூசி பட்டறைக்கு ஓடினாள். ஆமையாரின் மேல்கூண்டைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார் சித்தப்பா. பேட்டரி இரண்டும் சார்ஜரில் இருந்தன. சார்ஜரில் குட்டியாக ஒரு விளக்கு. சார்ஜ் ஏறும்போது சிவப்பாக எரியும். நிறைந்துவிட்டால் அதே விளக்கு பச்சையாக மாறும்.

சித்தப்பா குனிந்து விளக்கைப் பார்த்தார். "ஆங், பச்சை வந்துடுச்சு!" என்று பிளக்கைப் பிடுங்கப் போனார்.

"சிவப்பாத்தானே இருக்கு, சித்தப்பா?"

அவர் கை நின்றது. "அப்படியா? இந்தப் பக்கமிருந்து பார்த்தா அப்படித் தெரியுது. சரி சரி, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

விளையாடுகிறார் என்று நினைத்தாள் குண்டூசி. கொஞ்ச நேரத்தில் அவள் கண்முன்னாலேயே விளக்கு பச்சையாக மாறியது. சித்தப்பா அதை நேராகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

"பச்சை ஆயிடுச்சு" என்றாள் அவள்.

"ஆமாமா! பார்த்தேன், பார்த்தேன்" என்று அவசரமாக எழுந்தார்.

பிறகு பேட்டரிகளை ஆமையாரின் வயிற்றுக்குள் இறக்கினார். அதுதான் கவனமான வேலை. சிவப்பு வயர் பிளஸ் பக்கம், கருப்பு வயர் மைனஸ் பக்கம். மாறினால் தீப்பொறி பறக்கும், உள்ளே இருப்பதெல்லாம் பொசுங்கிப்போகும். வயிற்றுக்குள் வெளிச்சமும் குறைவு. சித்தப்பா ஒரு வயரை எடுத்து பிளஸ் பக்கம் கொண்டுபோனார்.

"சித்தப்பா! அது கருப்பு!"

அவர் சட்டென்று கையை இழுத்தார். 

"தெரியும் தெரியும். நீ கவனிக்கிறியான்னு பார்த்தேன்" என்றார். வயர்களை மாட்டாமல் அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

குண்டூசி சிரிக்கவில்லை. இது விளையாட்டு இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பேச்சை விட்டுவிட்டு, பெஞ்சைத் துடைக்கத் தொடங்கினாள். மனது மட்டும் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தது. சித்தப்பா தக்காளி வாங்கும்போது ஏன் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்கிறார்? சாலையைக் கடக்கும்போது ஏன், "மேல் விளக்கு எரியுது, கீழ் விளக்கு எரியுது" என்றே சொல்கிறார்? சிவப்பு, பச்சை என்று அவர் சொல்லி அவள் கேட்டதே இல்லையே!

சாப்பிடும்போது அப்பா கிண்டலைத் தொடங்கினார். "என்ன தம்பி, இந்த வாரமாவது உன் ஆமைக்கு உயிர் இருக்குமா, இல்ல நாங்க எல்லாம் தள்ள வரணுமா?"

"இருக்கும்ணா" என்றார் சித்தப்பா, தட்டைப் பார்த்துக்கொண்டே.

குண்டூசிக்கு விஷயம் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. அப்போது சித்தப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஒரே ஒரு நொடி. அந்தப் பார்வையில் 'சொல்லிடாதே' என்று எழுதி ஒட்டியது போல இருந்தது.

"அம்மா, எனக்கு இன்னும் கொஞ்சம் சாதம்" என்றாள் குண்டூசி.

மறுநாள் காலை அவள் பேட்டரிக் கடைக்குப் போனாள்.

"அக்கா, சார்ஜ் ஏறிடுச்சான்னு விளக்கைப் பார்க்காம கண்டுபிடிக்க முடியுமா?"

"ஏன், விளக்குக்கு என்ன கேடு?"

"விளக்கு நல்லாத்தான் இருக்கு. நிறம் பார்க்காம கண்டுபிடிக்கணும்."

அக்கா அவளை ஒரு மாதிரி பார்த்தார்.  மேசைக்கு அடியில் கிடந்த டப்பாவைக் கிளறி, தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒன்றை எடுத்தார். அதன் இரண்டு வயர் நுனிகளைப் பேட்டரியில் வைத்ததும் அதில் எண்கள் பளிச்சென்று எரிந்தன.

"பழைய வண்டியில இருந்து கழட்டினது. சும்மாதான் கிடக்கு, வச்சுக்கோ. உங்க டாங்கியில ரெண்டு பேட்டரியும் சேர்ந்து இருபத்திநாலு வோல்ட். சார்ஜரை எடுத்துட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சுப் பாருங்க. இருபத்தஞ்சரைக்கு மேல காட்டினா வயிறு நிறைஞ்சிருக்கு. இருபத்திநாலுக்குக் கீழ போனா பசி வந்துடுச்சு, நிறுத்திடணும். மாட்டுற வேலையைச் சித்தப்பா செய்யட்டும், நீ கை வைக்காதே."

"ரொம்ப நன்றிக்கா! அப்புறம், அங்க கிடக்கிற முரட்டு நூல் கொஞ்சம் கிடைக்குமா?"

சித்தப்பா மரம் வாங்கப் போயிருந்த நேரத்தில் குண்டூசி வேலையை முடித்தாள். பேட்டரியோடு சேராமல் தனியாகக் கிடந்த வயர்களில்தான் கை வைத்தாள். ஒவ்வொரு சிவப்பு வயரின் நுனிக்குப் பக்கத்திலும் முரட்டு நூலால் இரண்டு முடிச்சு போட்டாள். கருப்பு வயரை வழவழவென்று அப்படியே விட்டாள்.

சித்தப்பா வந்தார். வயிற்றுக்குள் கையை விட்டார். விரலில் முடிச்சு தட்டுப்பட்டது.

"என்னது இது?"

"முடிச்சு இருந்தா பிளஸ், சித்தப்பா. இல்லைன்னா மைனஸ். உள்ள இருட்டா இருக்குல்ல, அதான். கண்ணை மூடிட்டே மாட்டலாம்."

பிறகு எண் காட்டும் கருவியையும் நீட்டி, அக்கா சொன்னதை ஒன்று விடாமல் ஒப்பித்தாள்.

சித்தப்பா மரக்கட்டை மேல் உட்கார்ந்தார். முடிச்சை இன்னொரு முறை தடவிப் பார்த்தார்.

"உனக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்ல?"

குண்டூசி தலையாட்டினாள்.

"சின்ன வயசுல வகுப்புல இலைக்கு நான் சிவப்பு அடிச்சிட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அதுக்கப்புறம் யார்கிட்டேயும் சொன்னதில்ல. உங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது. எனக்கு சிவப்பும் பச்சையும் ஒரே குழப்பம். இருட்டுல சிவப்பும் கருப்பும்கூட ஒண்ணுதான். விளக்கைப் பார்த்து எனக்கு எதுவும் தெரியாது. அதிகமா ஏத்தினா பேட்டரி கெட்டுப்போயிடும்னு பயந்து, குத்துமதிப்பா எடுத்துடுவேன்."

"அதனாலதான் பாதியில நின்னுச்சா?"

"அதனாலதான்." அவர் அவள் தலையில் கை வைத்தார். "நேத்து சாப்பிடும்போது நீ சொல்லிடுவியோன்னு நினைச்சேன். சொல்லல. அதுக்கே உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. இப்ப இது வேற..."

 குண்டூசி எண் காட்டும் கருவியை அவர் கையில் வைத்தாள். "முதல்ல சார்ஜ் பாருங்க, சித்தப்பா" என்றாள்.

இருபத்தைந்து புள்ளி ஏழு என்று காட்டியது.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் கலகலத்தது. வண்டியில் முதலில் ஏறிய குழந்தைகள் ஒருவரை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஆமையார் நகர்ந்ததும் ஒரே கூச்சல். மேட்டில் ஏறினார், இறங்கினார், வளைந்தார். அடுத்த கூட்டம் ஏறியது, அதற்கடுத்த கூட்டமும் ஏறியது. நடுவில் ரிமோட்டைக் குண்டூசி கையில் கொடுத்துவிட்டு, அவள் ஓட்டுவதைச் சித்தப்பா வேடிக்கை பார்த்தார். ஒரு பொடியன் இறங்கவே மாட்டேன் என்று அழுதான். அப்பா தள்ளுவதற்காகச் சட்டைக் கையை மடித்துவிட்டு வந்திருந்தார். வேலையே இல்லாமல் போனதால் கைதட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து மேல்கூண்டைத் திறந்தபோது ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இது என்ன, வயர்ல முடிச்சு?" என்று கேட்டார் ஒருவர். அவர் ரொட்டிக் கடைக்காரர், பக்கத்து டாங்கியின் சொந்தக்காரர். பெரிய மீசை.

குண்டூசி சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா தொண்டையைச் செருமினார்.

"எனக்கு சிவப்பு, பச்சை வித்தியாசம் தெரியாது. அதனால என் அண்ணன் பொண்ணு போட்டுக் கொடுத்தது."

அப்பாவின் கைதட்டல் நின்றது. "என்னடா சொல்ற? இத்தனை நாளா ஏன்டா சொல்லல?" என்று தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார். 

ரொட்டிக் கடைக்காரர் இப்படியும் அப்படியும் பார்த்தார். மெல்லக் குனிந்து குண்டூசியின் காதருகே வந்தார். "பாப்பா, என் டாங்கிக்கும் ரெண்டு முடிச்சு போட்டுத் தருவியா? எனக்கும் இதே கதைதான். வெளிய சொல்லாதே" என்றார்.

அவர் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் பேசினார். பாதி மைதானத்துக்குக் கேட்டது.

திரும்பும்போது ஆமையாரைச் சரக்கு வண்டியில் ஏற்றவில்லை. எண் இன்னும் இருபத்திநாலுக்கு மேலேயே இருந்தது. தெரு ஓரமாகவே ஓட்டிக்கொண்டு, குண்டூசியும் சித்தப்பாவும் பின்னால் நடந்தார்கள்.

தெருமுனை மரத்தைக் கடக்கும்போது குண்டூசி அண்ணாந்து பார்த்தாள். "அடேங்கப்பா! எவ்வளவு பூ!"

"எங்க?"

"மேல, சித்தப்பா. மரம் முழுக்க. சிவப்புப் பூ."

சித்தப்பா நின்றார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இந்த மரத்தடியில நின்னுதான் தினமும் டீ குடிக்கிறேன். வெறும் இலைன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்!"

தாழ்ந்திருந்த ஒரு கிளையை அவள் வளைத்துப் பிடித்தாள். அவர் இதழைத் தொட்டார். மெல்லிசாக, சுருள் சுருளாக, நிஜமாகவே பூ. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னும் எங்கெல்லாம் இருக்கு? காட்டு, காட்டு" என்றார்.

ஆமையாரை ஓரமாக நிறுத்திவிட்டு, குண்டூசி ஒவ்வொரு கொத்தாக விரல் நீட்டிக் காட்டத் தொடங்கினாள்.