முந்நூற்றிரண்டு மீட்டர்

காலை ஐந்தரைக்கு இருதயராஜின் நெஞ்சில் ஒட்டியிருந்த நடைகணி, ஒரே நடையில் அவர் போகக்கூடிய தூரத்தைச் சொன்னது. முந்நூற்றிரண்டு மீட்டர். போன வாரம் முந்நூற்றாறு. எழுந்து உட்கார்ந்தார், படுத்தார், மறுபடி எழுந்தார். இன்னும் எட்டு வாரத்தில் தகுதி நாள். அன்று முந்நூற்றுக்குக் கீழே இருந்தால் மீன் ஏலக்கூடத்து வேலை போய்விடும். நலவாரியம் அவரை ஊருக்கு வெளியே ஓய்வில்லத்தில் சேர்த்துவிடும். அங்கே நோயாளிக்கு மட்டும்தான் இடம். மனைவி பிலோமினாவுக்கு இல்லை.

முப்பது வருஷம் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய நுரையீரல் அது. முன்பெல்லாம் இவரைப் போன்றவர்களை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு, எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று அளப்பார்கள். நாணயம் அளவே இருந்த நடைகணி அந்தத் தொல்லையை ஒழித்தது. மூச்சு, நாடித்துடிப்பு, முந்தைய நாட்களின் நடை எல்லாம் பார்த்து, விடியும்போதே எல்லையைக் கணித்துவிடும். அதில் பத்தில் ஒன்பது பங்கு நடந்ததும் பாதையிலிருந்து ஓர் இருக்கை எழும்பும், ஓட்டுநர் இல்லாத தானோடி வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும். ஊரில் ஒருவருக்கும் மூச்சு வாங்குவதில்லை என்று வாரியம் மார்தட்டிக்கொண்டது. போன வருஷம் முன்னெச்சரிக்கை என்று சொல்லி, நோயில்லாதவர்களுக்கும் ஒட்டிவிட்டார்கள்.

இருதயராஜுக்கு அந்த இருக்கையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அன்று ஏலக்கூடத்தில் ஐஸ் வண்டி தள்ளுகிறவர் சாப்பிடப் போயிருந்தார். சீலா மீன் கெட்டுவிடுமே என்ற பதற்றத்தில் இவரே தள்ளினார். இருக்கை எழும்பவேண்டிய இடம் வந்தது, தாண்டியது, எதுவும் எழும்பவில்லை. மூச்சு இரைத்தது. கைப்பிடியில் சாய்ந்து நின்றார்; தணிந்ததும் மறுபடி தள்ளினார். நடைகணியைப் பார்த்தால் ‘வாகனப் பயணம்’ என்றிருந்தது. கை வீசாமல் போனதால், ஏதோ வண்டியில் உட்கார்ந்து போகிறார் என்று அந்தப் புத்திசாலி முடிவு கட்டியிருந்தது.

மறுநாளிலிருந்து தினமும் தள்ளினார். பிலோமினா இன்ஹேலரைக் கையில் பிடித்தபடி, திட்டிக்கொண்டே கூட நடந்தாள்.

“நெஞ்சு அடைச்சு விழுந்துட்டீயன்னா நான் எங்க போய் நிக்க?”

“மூச்சு வாங்குமுன்ன உக்கார வச்சு உக்கார வச்சே காலு செத்துப்போச்சு பிலோமி. வாங்கினா வாங்கட்டும்.”

தகுதி நாளில் நடைகணி முந்நூற்றெண்பத்தெட்டு என்றது. வாரியம் நம்பவில்லை. அவர்கள் கணக்கில் இந்த நோய்க்கு இறங்குமுகம்தான் உண்டு. பழுதாக இருக்கும் என்று நடைகணியைக் கழற்றிவிட்டு, பழைய முறைப்படி கூடவே நடந்து அளக்க சுடர்க்கொடி என்ற ஆய்வாளரை அனுப்பினார்கள். முப்பத்தைந்து வயது, ஒரு நோயும் இல்லாதவள்.

கடற்கரைப் பாதையில் இருவரும் நடந்தார்கள். முந்நூற்றைத் தாண்டியபோது இருதயராஜுக்கு அழுகை முட்டியது. காட்டிக்கொள்ளவில்லை. முந்நூற்று எழுபதில் பாதையிலிருந்து இருக்கை எழும்பியது.

“இன்னும் நடப்பேம்மா,” என்றார்.

பிறகுதான் தன் நெஞ்சில் எதுவும் ஒட்டியில்லை என்பது நினைவுக்கு வந்தது. சுடர்க்கொடி பழக்கத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். இருக்கை எழும்பியது அவள் நெஞ்சிலிருந்த நடைகணிக்காக; போன வருஷம் ஒட்டியபோது அது இரண்டாயிரம் மீட்டர் காட்டியதாம்.

“மூச்சு வாங்குதாம்மா?”

“இல்லையே.”

“அப்ப எதுக்கு உக்காந்தீய?”

தூரத்தில் தானோடி திரும்பி அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. இருதயராஜ் நெஞ்சில் சீழ்க்கைச் சத்தத்தோடு பக்கத்திலிருந்த ஏலக்கூடத்து வாசல்வரை நடந்தார். அங்கே நின்ற ஐஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்து, தானோடிக்கு முந்தி அவள் முன்னால் நிறுத்தினார்.

“இதப் பிடிச்சிக்கிடுங்க,” என்றார். “வண்டியில போறீயன்னு நெனச்சுக்கிடும்.”