ஆறிப்போன எஞ்சினில் ஒரு மூச்சு

“அப்போ அதெல்லாம் எங்கதான்டா போகுது?”

அக்கா விடுவதாக இல்லை. மெக்கானிக் தம்பிக்காரன் தன் ஷெட்டில் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். அவள் நின்ற இடத்திலிருந்து அவனுடைய இரண்டு செருப்புகள் மட்டும்தான் தெரிந்தன. அவற்றைப் பார்த்துத்தான் அவள் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

“பச்சையா என்னமோ ஊத்தினியே...”

“கூலன்ட்க்கா. எஞ்சினக் குளிர வைக்கிற தண்ணி.”

“சரி, கூலன்ட். ராத்திரி நிறைய இருந்துச்சு, காலைல பாதியக் காணோம். கீழ ஒரு சொட்டு ஈரம்கூட இல்ல. நானா ஸ்ட்ரா போட்டுக் குடிச்சேன்?”

செருப்புகள் இரண்டும் மெல்ல வண்டிக்கு அடியில் உள்வாங்கின.

அவளுடைய கோபத்தில் நியாயம் இருந்தது. பழைய எஸ்யூவி அது. கறுப்பு நிறம், யானை மாதிரி உடம்பு. வாங்கலாமா வேண்டாமா என்று அவள் தயங்கியபோது, “கண்ண மூடிட்டு வாங்கு, நான் இருக்கேன்ல” என்று சொன்னவன் அவன்தான். அவள் நர்ஸ். மலை மேல் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேரவில்லை என்றால் அந்த வேலை வேறு ஒருத்திக்குப் போய்விடும். அந்த ஊருக்கு பஸ் கிடையாது. வளைந்து வளைந்து ஏறும் காட்டுப் பாதை. நடுவில் எஞ்சின் கொதித்து நின்றுபோனால் அவளும் அவள் குழந்தை பாப்பாவும் அந்தக் காட்டில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

“மறைக்காம சொல்லு. எதையாவது கழட்டிட்டு மாட்டத் தெரியாம முழிக்கிறியா? சின்ன வயசுல மிக்ஸியக் கழட்டினியே, மாட்டினதுக்கப்புறம் கை நிறைய ஸ்க்ரூ மிஞ்சுச்சே, அந்த மாதிரி?”

“அம்மா தாயே, அந்த மிக்ஸிய எப்பதான் விடுவே? ஹெட் கேஸ்கெட் போயிருக்கு. எஞ்சினோட மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் நடுவுல ஒரு தகடு இருக்கும். அது விட்டுப்போனா கூலன்ட் வெளிய ஒழுகாது, உள்ளயே போய் எரிஞ்சிடும். மாத்தித் தரேன், வீட்டுக்குப் போ.”

அவள் போனாள். ஆனால் ஷெட் வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். இவன் எதையோ மறைக்கிறான் என்று அந்தப் பார்வை சொன்னது.

உண்மையில், மறைத்தது இவன் இல்லை.

எஞ்சினின் மேல் பாதியான ஹெட்டைத் தூக்கியதும் ஒரு வாசனை வந்தது. கூலன்ட் எரிந்தால் இனிப்பாக மணக்கும், அது அவனுக்குப் பழக்கம். இது அப்படி இல்லை. பூட்டிக் கிடந்த அறையில் சர்க்கரைப் பாகு தீய்ந்துபோன மாதிரி இருந்தது. தண்ணீர் ஓடும் ஒவ்வொரு துளையிலும் பழுப்பு நிறத்தில் ஏதோ கெட்டியாக இறுகிக் கிடந்தது. ஓட்டையை அடைக்கிற பவுடர். வண்டியை விற்பதற்கு முன் ரேடியேட்டரில் கொட்டிவிட்டால் கொஞ்ச நாளைக்கு லீக் தெரியாது. வாங்குகிறவன் தலையில் கட்டிவிடலாம்.

ஆனால் ஒருத்தன் இத்தனை பவுடரையா கொட்டுவான்? டப்பா டப்பாவாகக் கொட்டி, இடித்து நிரப்பிய மாதிரி இருந்தது.

“ஃபிராடு பசங்க” என்று அவன் பல்லைக் கடித்தான்.

அவன் வேலையில் சுத்தம் பார்க்கிறவன். ஒரு துகள் மிச்சம் வைக்காமல் சுரண்டினான், கம்பி விட்டுக் குடைந்தான், மருந்து ஊற்றிக் கழுவினான். ஹெட்டை லேத் பட்டறையில் கொடுத்து மட்டம் பார்த்து வாங்கினான். புதுக் கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வரிசை மாறாமல் முறுக்கினான். புதுக் கூலன்ட் ஊற்றினான். அந்த எஞ்சின் அதற்கு முன் அவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை.

கடைசியாக ஒரு சோதனை. ரேடியேட்டரின் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருக வேண்டும். குழாய்க்குள் நீல நிறத்தில் ஒரு மருந்து, உச்சியில் ஒரு ரப்பர் பந்து. கேஸ்கெட்டில் லீக் இருந்தால் எஞ்சினின் புகை கூலன்ட்டுக்குள் வரும், நீலம் மஞ்சளாகிவிடும். மருந்து நல்ல மருந்துதானா என்று பார்க்க மெக்கானிக்குகள் அதில் வாயால் ஊதிப் பார்ப்பார்கள். மனுஷ மூச்சு பட்டாலும் அது மஞ்சளாகும்.

எஞ்சினை ஓடவிட்டான். பந்தை அமுக்கி அமுக்கி விட்டான்.

நீலம். அசையாத நீலம்.

அவனுக்கு விசிலடிக்கத் தோன்றியது. எஞ்சினை அணைத்துவிட்டு, குழாயை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்துக் கடைக்கு டீ குடிக்கப் போனான். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டுத் திரும்பி வர வெகுநேரம் ஆகிவிட்டது. ஷெட்டுக்குள் பட்டப்பகலிலும் மங்கலாக இருந்தது. தகரக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் மேல் கை வைத்தான். ஜில்லென்று ஆறியிருந்தது.

குழாயில் மருந்து மஞ்சளாக இருந்தது.

எஞ்சின் ஓடவில்லை. புகை இல்லை. பிறகு எப்படி?

ஷெட்டின் மறுபாதியில் பெயிண்டர் ஒரு கதவுக்குப் பட்டி பூசிக்கொண்டிருந்தார். இருவரும் பங்கு போட்டுக்கொண்ட ஷெட் அது. பங்காளிச் சண்டைக்கும் குறைவில்லை.

“அண்ணே, உண்மைய சொல்லுங்க. இதுல ஊதினீங்களா?”

“எதுல?”

“இந்தக் குழாயில.”

“எனக்கு வேற பொழப்பு இல்ல பாரு. காரு வாயில வாய் வெச்சு மூச்சு குடுக்க நான் என்ன டாக்டரா? அது நீதானேப்பா.”

“நான் இல்லாதப்ப இங்க வேற யாரு இருந்தா?”

“என்ன டாக்டரே, திருட்டுப் பட்டமா?” பெயிண்டர் பட்டித் தகட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். “புதுசா ஊத்து. ரெண்டு பேரும் நின்னு பாப்போம். நான் கையக் கட்டிக்கிறேன்.”

புது மருந்து ஊற்றினான். நீலம். இருவரும் இரண்டடி தள்ளி நின்றார்கள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு, யாரும் தொடாத ரப்பர் பந்து மெதுவாக உப்பியது.

சுருங்கியது.

மறுபடி உப்பியது. தூங்குகிற ஆளின் மார்பு மாதிரி, அவசரமே இல்லாமல்.

குழாயின் அடியிலிருந்து மருந்து மஞ்சளாகிக்கொண்டே ஏறியது.

“நீ ஊதுறியா?” என்று கிசுகிசுத்தார் பெயிண்டர். அவன் தன் பக்கத்தில்தான் நிற்கிறான் என்பது தெரிந்தும் கேட்டார்.

ரேடியேட்டருக்குள் ஒரு சத்தம் கேட்டது. ளக். இன்னொரு தடவை. ளக்.

விழுங்குகிற சத்தம்.

ரேடியேட்டரோடு இணைந்த டப்பாவில் கூலன்ட் ஒரு விரல் அளவு இறங்கியது.

வண்டியை விற்ற பழைய ஓனருக்கு அவன் போன் போட்டான். குரலில் வீறாப்பு குறையவில்லை.

“ஐயா, நீங்க வித்த வண்டி. ஹெட்டக் கழட்டினேன். எவனோ ஒரு கூமுட்டை உள்ள முழுக்க பவுடரக் கொட்டி வெச்சிருக்கான்.”



“நான்தான் அந்தக் கூமுட்டை” என்றார் அவர். “எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா?”

“பளபளன்னு எடுத்துட்டேன்.”

“ஐயோ.”

“என்ன ஐயோ? லீக்க மறைக்கத்தானே கொட்டினீங்க?”

“கூலன்ட் வெளிய போகாம இருக்கக் கொட்டல தம்பி. அது வெளிய வராம இருக்கக் கொட்டினோம்.”

“எது?”

“எஞ்சின் சூடா இருக்கிற வரைக்கும் அது பாட்டுக்குக் கிடக்கும். நிறுத்தி, ஆறிப்போச்சுன்னாதான் தாகம் எடுக்கும். இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க.”

இணைப்பு துண்டிக்கப்பட்டது. திரும்பத் திரும்ப அடித்தும் அவர் எடுக்கவில்லை.

சாயங்காலம் அக்கா வந்தாள். பாப்பா ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டது. அவன் சொல்லிப் பார்த்தான். சுற்றி வளைத்து, இழுத்து, மென்று முழுங்கிச் சொன்னான்.

அக்கா முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள். “முடிச்சிட்டியா? வேலைய சொதப்பிட்டே. அத ஒத்துக்கத் துப்பில்ல. பேய் புடிச்சிருக்குன்னு கதை விடுற.”

“அக்கா, சத்தியமா. பெயிண்டரண்ணன கேளு.”

பெயிண்டர் பட்டிக் கதவை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். பைத்தியக்காரன் என்று பெயர் வாங்க அவருக்கு ஆசை இல்லை.

“ரெண்டு நாள் தள்ளிப் போயேன்” என்று கெஞ்சினான்.

“இந்த வேலை போச்சுன்னா எனக்கும் பாப்பாவுக்கும் நீ சோறு போடுவியா? நாளைக்குக் காலைல வண்டி வேணும். முடியலன்னா இப்பவே சொல்லு. இனிமே உன்னை எதுக்கும் நம்பல, அவ்வளவுதான்.”

அவள் கத்தியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவள் அமைதியாகச் சொன்னாள்.

அவள் போன பிறகு அவன் வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தான். கடைக்குப் போய் அந்தப் பவுடரை வாங்கி வந்தான். தான் சுரண்டிச் சுத்தம் செய்த எஞ்சினுக்குள் தானே டப்பா டப்பாவாகக் கொட்டினான். எஞ்சினை ஓட்டி இறுகவிட்டான். புது மருந்து ஊற்றிக் குழாயைச் செருகிவிட்டு, ஷெட்டைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். தூக்கம் எங்கே வரும்?

விடிந்ததும் ஓடி வந்து பார்த்தான். எஞ்சின் ஆறிக் கிடந்தது.

நீலம். கூலன்ட் ஒரு துளி குறையவில்லை.

அக்கா சாவியை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. பின் சீட்டில் பாப்பா கை ஆட்டியது. கறுப்பு வண்டி சேற்றில் தடம் பதித்துவிட்டுத் தெருமுனையில் திரும்பி மறைந்தது. அவன் பெருமூச்சு விட்டான்.

“அடைச்சிட்டியா?” என்றார் பெயிண்டர்.

“சிமென்ட் மாதிரி அடைச்சிட்டேன் அண்ணே.”

“அது சரி.” பெயிண்டர் கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டே இருந்தார். “நீ அடைக்கிறப்ப அது உள்ளதான் இருந்துச்சா?”

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு போன் அடித்தது. அக்கா. பின்னால் எஞ்சின் உறுமலும், வளைவில் டயர் தேயும் சத்தமும் கேட்டன.

“டேய், கலக்கிட்டடா! பாதி மலை ஏறியாச்சு, சூடு காட்டுற முள்ளு இம்மிகூட அசையல. உன்ன போய் சந்தேகப்பட்டேன். மனசுல வெச்சுக்காத.”

அவனுக்குக் கண் கலங்கியது. “பரவால்லக்கா. பாத்துப் போ.”

“ஒரே ஒரு தொல்லைதான். பக்கத்து சீட்டுக்கு பெல்ட் போடு, பெல்ட் போடுன்னு டிங் டிங்னு கத்திட்டே வந்துச்சு.”

“பை எதாவது வெச்சிருப்பே.”

“ஒண்ணும் வைக்கல, காலி சீட்டு. கழுத்தறுப்பு தாங்கல, நானே பெல்ட்ட மாட்டிவிட்டேன். வாய மூடிடுச்சு.”

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

“மாமா!” பின் சீட்டிலிருந்து பாப்பாவின் குரல். “அந்த பெல்ட் மூச்சு விடுது மாமா.”

“என்னடா சொல்றே?”

“மேல வருது, கீழ போகுது. மேல வருது... கீழ போகுது.”

“ரோடு அப்படிடா, குலுங்குது” என்று அக்கா சிரித்தாள். “சரி, அங்க ஒரு கடை தெரியுது. பாப்பாவுக்குத் தாகமாம். நிறுத்தி, எஞ்சின நல்லா ஆறவிட்டு, அப்புறம் கிளம்புறேன். வைக்கட்டுமா?”

டக், டக் என்று அவள் வண்டியை ஓரம்கட்ட சிக்னல் போடும் சத்தம் கேட்டது.

நிறுத்து, இறங்கி ஓடு என்று சொன்னால் எஞ்சின் ஆறும், அதற்குத் தாகம் எடுக்கும். நிறுத்தாதே என்று சொன்னால், மலை உச்சி வரைக்கும் பாப்பாவுக்கு முன்னால் அது உட்கார்ந்து வரும். அங்கே போயும் நிறுத்தித்தானே ஆக வேண்டும்? அவன் வாயைத் திறந்தான். அக்கா இப்போதுதான் மறுபடி அவனை நம்ப ஆரம்பித்திருக்கிறாள், என்ன சொன்னாலும் கேட்பாள். சொல்லுங்கள், நீங்கள் அவன் இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?